பி பக்கத்தின் கடைசியில்

திண்டுக்கல்
20.8.2023

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கச்சி லிடியாவுக்கு, அண்ணன் பிராங்கிளின் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அண்ணி நாகஜோதியும் பிள்ளைகளும் சுகம். உனக்கு இளைப்பு வராமல் இருக்கிறதா? சிஸ்டர் என்றுதான் எழுத வேண்டும் என்று உங்கள் மதர் போன தடவை சொல்லி அனுப்பினார்கள். சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவனுக்கு அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது, மன்னிக்கச் சொல். போனும் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்பது உங்கள் மடத்துச் சட்டம். அதனால் எல்லாவற்றையும் இதிலேயே கொட்டிவிடுகிறேன்.

நம் இனிகோவின் அம்மா வியாகுலம் அத்தைக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள். இதோடு ஒரு வருடம் ஓட்டலாம், அதற்கு மேல் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அவென் மொகம் போட்டோவுல இருக்கு பிராங்கி. கொரலுதான் மறந்துபோச்சு. நீங்கள்லாம் கத்திக்கிட்டு ஒரு கேசட்டு போட்டீங்கள்ல, அது இருக்கா? ஒரு வாட்டி கேட்டுட்டா போதும்டா" என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்குமே. மலேசியாவிலிருந்து யாரோ கொண்டுவந்த ராப் கேசட்டைக் கேட்டுவிட்டு இனிகோ பைத்தியமாகத் திரிந்தது. பூட்டுப் பட்டறைச் சுத்தியல் சத்தத்தைப் பதிந்து, பாஸ் பட்டனை அழுத்தி அழுத்தி அதையே நாற்பது தடவை ஒட்டி நாங்கள் தாளம் பண்ணினது. மிக்ஸ்டேப் என்று அவன்தான் சொன்னான், எங்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது. "பூட்டு ஊருக்காரன் நானு, வாயை மட்டும் பூட்ட மாட்டேன்" என்று ஆரம்பிப்பான். அறுபது நிமிஷக் கேசட். பி பக்கத்தில் கடைசி நாலு நிமிஷத்துக்குச் சரக்கில்லாமல் காலியாக விட்டோம். யாரும் மேலே பதிந்து அழித்துவிடக் கூடாதென்று மாஸ்டர் கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்தோம். ஓரத்தில் காம்பஸால் ஒரு பூட்டுப் படம் கீறி வைத்தான்.

மாஸ்டர் ஒன்று, பழனிக்குமாரிடம் ஒரு காப்பி, நிஹாலிடம் ஒரு காப்பி. மூன்றில் ஒன்றாவது இருக்காதா? என்னிடம் ஒன்று இருக்க வேண்டாமா என்று கேட்காதே. எப்போது வேண்டுமானாலும் மாஸ்டரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மெத்தனமாக இருந்துவிட்டேன். அவன் இருபது வயதில் வத்தலக்குண்டு ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போவான் என்று யார் கண்டது?

உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. அத்தைக்காக வேண்டிக்கொள்.

உன் அண்ணன்,
பிராங்கிளின்

*

மடம்
17.9.2023

கிறிஸ்துவில் அன்பான அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் அருளால் நலமாக இருக்கிறேன். இளைப்பு இல்லை. இந்த மாதம் எனக்குத் தோட்ட வேலை. அவரைக்கொடி நன்றாக ஏறியிருக்கிறது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர் சொல்.

அத்தையின் செய்தி படித்ததும் கோவிலுக்குப் போய்விட்டேன். தினமும் ஒரு செபமாலை அவருக்காகச் சொல்கிறேன். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உப்பைக் குறைக்கச் சொல்.

மடத்துக்கு வரும்போது நான் கொண்டுவந்தது ஒரு துணிப்பெட்டிதான் என்பது உனக்குத் தெரியும். என்னிடம் எந்தக் கேசட்டும் இல்லை.

மன்றாட்டுகளுடன்,
லிடியா

*

திண்டுக்கல்
8.10.2023

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம், நாகஜோதிக்கு மட்டும் முழங்கால் வலி. உன் அவரைக்காயை இங்கே அனுப்பினால் குழம்புக்காவது ஆகும்.

பழனிக்குமாரைப் பார்க்க வத்தலக்குண்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் கட்டிப்பிடித்துக்கொண்டான். தலை முழுக்க நரைத்துவிட்டது. பூ யாவாரம் பண்ணுகிறான். கேசட் என்றதும் முகம் செத்துப்போனது. "அப்பா எடுத்துட்டாருலே" என்றான். அவன் அப்பா சுருளிவேல் மாமா சோளக்காட்டில் கிளி விரட்டுவதற்காக வீட்டில் கிடந்த கேசட் ஒன்றைப் பிரித்து, ரிப்பனைக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டியிருக்கிறார். வெயிலில் மினுங்கும், காற்றடித்தால் சத்தம் வரும், கிளி அண்டாது. அந்தப் பக்கம் எல்லாரும் செய்கிறதுதான். மாமாவிடம் கேட்டேன். "ஆமாப்பு, நல்லாத்தான் பாடுச்சு. ம்ம்ம்னு ஒரே ராகம்" என்றார். அவர்மேல் கோபப்பட முடியுமா?

காட்டுக்குப் போய்ப் பார்த்தோம். வேலிக் கல்லில் சுற்றின இடத்தில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. ஒரு முழம் என்றால் பத்து செகண்டு பாட்டு. மதுரையில் பழைய டேப்பெல்லாம் சரிபண்ணுகிறவர் ஒருவர் இருக்கிறார், கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலில் தேய்த்துக் காட்டினார். பாட்டுப் பதிந்திருந்த பழுப்புப் பூச்செல்லாம் வெயிலில் உதிர்ந்து, வெறும் பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றார்.

இன்னும் இரண்டு இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

மடம்
29.10.2023

அன்பான அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலனுக்கு வேண்டுகிறேன். அண்ணி முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கட்டும்.

நான் யோசித்ததை எழுதுகிறேன், கோபப்படாதே. இருபது வருடமாக ஆறாத புண். குரலைக் கேட்டால் அத்தைக்கு நெஞ்சு தாங்குமா? தேடுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து செபம் சொன்னால் போதாதா? கிடைக்காத ஒன்றுக்காக அவருக்கு நம்பிக்கை கொடுக்காதே.

கல்லறைத் திருநாள் வருகிறது. இனிகோ கல்லறையில் எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. என் பெயரைச் சொல்ல வேண்டாம், சும்மா ஏற்று.

லிடியா

*

திண்டுக்கல்
19.11.2023

லிடியாவுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன்.

மெழுகுவர்த்தி ஏற்றினேன். அத்தையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கல்லறைப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்தோம். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனபிறகு சிலுவையைத் தடவிக்கொண்டே, "கேசட்டு தேடுறான் பிராங்கி, வந்துரும்யா" என்று அவனிடம் சொல்கிறார். நம்பிக்கை கொடுக்காதே என்று நீ எழுதியது அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. எனக்கு உன்மேல் பயங்கரக் கோபம் வந்தது. கேட்டால் தாங்குமா தாங்காதா என்று முடிவு பண்ண நாம் யார்?

பேகம்பூரில் நிஹால் வீட்டுக்குப் போனேன். அவன் துபாயில் இருக்கிறான். அவன் அம்மா ஜெய்தூன் பீவி பரணில் இருந்த கேசட் சாக்கையே இறக்கித் தந்தார். "எல்லாத்தயும் எடைக்குப் போடச் சொன்னான் தம்பி, எனக்குத்தான் மனசு வரல" என்றார். நூற்றுக்குமேல் கேசட். அடியில் எங்கள் காப்பி. சந்தோஷத்தில் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். ஆனால் ரிப்பன் பூராவும் வெள்ளைப் பூஞ்சை. மதுரைக்காரர் இரண்டு நாள் உட்கார்ந்து துடைத்தார். போட்டோம். சுத்தியல் சத்தம் கேட்டது லிடியா! டங் டக்கு டங். நாலு தடவை தட்டி முடிந்து, அவன் வாயைத் திறக்கிற இடத்தில் ரிப்பன் அறுந்தது. அப்புறம் தொட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாக வந்தது.

இனி மாஸ்டர்தான். அது அவன் தகரப் பெட்டியில் இருந்தது. அடக்கத்துக்கு மறுநாள் அவன் அறையைக் கூட்டி அள்ளினது நீயும் அத்தையும். அத்தைக்கு எதுவும் நினைவில்லை. உனக்கு இருக்கும், நீ எதையும் மறக்கிற ஆள் இல்லை. அந்தப் பெட்டியில் இருந்த கேசட்டெல்லாம் எங்கே போனது? இதற்கு மட்டும் பதில் எழுது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் நீங்கள் கடிதம் எழுத மாட்டீர்கள் என்று தெரியும். காத்திருக்கிறேன்.

அண்ணன்

*

மடம்
7.1.2024

அன்பான அண்ணனுக்கு, அண்ணிக்கு, பிள்ளைகளுக்கு,

பிறப்பு விழா வாழ்த்தும் புத்தாண்டு வாழ்த்தும். நலம். இங்கே குளிர் அதிகம். காலை மன்றாட்டில் யார் வாயைத் திறந்தாலும் இருமல்தான் வருகிறது. குடில் இந்த வருடம் நான் கட்டினேன். வைக்கோலுக்குப் பதில் காய்ந்த அவரைக்கொடி.

அத்தை எப்படி இருக்கிறார்? சாப்பிடுகிறாரா?

நீ கேட்டதற்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்துவிட்டேன். கொஞ்சம் பொறு.

லிடியா

*

திண்டுக்கல்
4.2.2024

லிடியாவுக்கு,

இங்கே யாரும் சுகமில்லை. அத்தைக்குக் கால் வீங்கிவிட்டது. சோறு இறங்கவில்லை. என்னைப் பார்த்தால் கேசட் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார். என் கையைத்தான் பார்க்கிறார், ஏதாவது கொண்டுவந்திருக்கிறேனா என்று.

நீ பொறு என்கிறாய். பத்து நாளில் சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பித்துவிடும். அப்புறம் நாற்பது நாள் வாய் திறக்க மாட்டீர்கள். உனக்கென்ன, உலகத்தைத் துறந்தாச்சு. இங்கே ஒரு பொம்பளை பிள்ளையின் குரலுக்கு ஏங்கிச் சாகிறாள். ஒரு பெட்டி எங்கே போனது என்று எழுத இரண்டு தாளைக் கிழிக்க வேண்டுமா?

இனிகோ அப்பா ராயப்பராஜ் மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டி ஒன்று அவர் தங்கச்சி வீட்டில் கொடைரோட்டில் கிடக்கிறதாம். அவர் செத்த பிறகு யாரும் திறக்கவில்லை. அதையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

பிராங்கிளின்

*

திண்டுக்கல்
10.3.2024

அன்புத் தங்கச்சிக்கு,

தவக்காலம் முடிந்துதான் இதை உன்னிடம் தருவார்கள். தெரிந்தேதான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

டிரங்குப் பெட்டியில் நம்ம ஊர்ப் பூட்டு. சாவி இல்லை. அரம் போட்டு அறுக்க அரை நாள் ஆனது. உள்ளே மாமாவின் பாஸ்போர்ட், இரண்டு போர்வை, ஒரு டார்ச் லைட், அடியில் ஒரு சின்னப் பார்சல். வெள்ளைத் துணியில் தைத்தது. அத்தையின் தையல். மேலே என் கையெழுத்தில் குவைத் விலாசம். தையல் பிரியவே இல்லை. இருபது வருடமாக மாமா அதைப் பிரிக்கவே இல்லை லிடியா.

அடக்கத்துக்கு அவருக்கு லீவு கிடைக்காததால், வீட்டு அழுகையையும் பூசையையும் கல்லறையையும் பதிந்து அனுப்பினோமே, அந்தக் கேசட். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அப்போது தெருவில் எல்லாரும் அப்படித்தானே அனுப்பினோம். மைக் செட்டில் வேலை பார்த்தேன் என்பதால் என்னைப் பதியச் சொன்னார்கள். துணியைப் பிரித்தேன். "இனிகோ அடக்கம், 12.3.2004, அப்பாவுக்கு" என்று நான் எழுதின லேபிள். அந்த லேபிள் ஓரமாக உரிந்திருந்தது. அதற்கடியில் ஒரு பூட்டுப் படம், காம்பஸால் கீறினது.

மாஸ்டர் கேசட் மேல்தான் பதிந்திருக்கிறேன். அவன் குரல் இருந்த இடத்தில் அவன் சாவைப் பதிந்திருக்கிறேன். நான்தான் அழித்தேன். பல்லை உடைத்த ஓட்டையில், திரும்பப் பதிகிற மாதிரி, பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டினது எனக்கு ஞாபகமே இல்லை, அன்றைக்கு இருந்த நிலையில் நான் ஒட்டியிருப்பேன். நீ ஓடிப்போய்க் கேசட் எடுத்துவந்து, "காலிதான்ணே" என்று கொடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. உனக்கு என்ன தெரியும், சின்னப்பிள்ளை. நான் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா?

ஏ பக்கம் போட்டேன். அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம். மூன்று நிமிஷத்துக்கு மேல் கேட்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன். இதையா கொண்டுபோய் அவரிடம் போடுவேன்? நாளை மறுநாளோடு அவனை அடக்கம் பண்ணி இருபது வருடம்.

நாகஜோதி சாப்பிடக் கூப்பிடுகிறாள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று இருக்கிறது.

அண்ணன்

*

மடம்
1.4.2024

என் அண்ணனுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்து. உன் இரண்டு கடிதங்களையும் இன்று காலையில் சேர்த்துத் தந்தார்கள். எங்கள் கடிதங்களை மதர் படிப்பார்கள். இதையும் படிக்கட்டும்.

நீ அழிக்கவில்லை. நான் அழித்தேன்.

பி பக்கத்தில் கடைசி நாலு நிமிஷம் காலி என்று நீ நினைத்தாய். இல்லை. இனிகோ தனியாக உட்கார்ந்து அதில் ஒரு பாட்டுப் பதிந்திருந்தான். பதிந்தபிறகுதான் பல்லை உடைக்க உன்னிடம் கொடுத்தான். உங்கள் காப்பிகளில் அது கிடையாது. அதில் என் பெயர் மூன்று தடவை வரும். நீ வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நம் வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டினான். அழிச்சுரு என்று சண்டை போட்டேன். ஆனால் இன்னொரு தடவை போடு, இன்னொரு தடவை போடு என்று நாலைந்து தடவை கேட்டேன். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் செத்துப்போனான்.

அடக்கத்தன்று, காலிக் கேசட் ஒன்று எடுத்துவா என்று நீ என்னை அனுப்பினாய். அவன் பெட்டியில் காலிக் கேசட் இரண்டு இருந்தன. பக்கத்தில் அது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நாளைக்கு யாராவது போட்டுக் கேட்பார்கள், செத்துப்போன பையன் பாட்டில் என் பெயர் வரும், அம்மா என்னைக் கொன்றுபோடுவார்கள் என்று பயந்தேன். பதினேழு வயது. அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை. லேபிளை உரித்தேன். அத்தை வீட்டு மருந்து டப்பாவில் இருந்த பிளாஸ்திரியை ஓட்டைமேல் ஒட்டினேன். உன் கையில் கொடுத்து, காலிதான்ணே என்றேன். என் பெயர் போனால் போதும் என்று நினைத்தேன். அவன் குரல் முழுதும் போகிறது என்பது நீ பட்டனை அழுத்தினபிறகுதான் உறைத்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மன்னிப்பும் கிடைத்தது. உன்னிடமும் அத்தையிடமும் மட்டும் சொல்லவில்லை. உன் கடிதம் ஒவ்வொன்றும் வரும்போது, வேறெங்காவது ஒரு காப்பி கிடைத்துவிடாதா என்று மண்டியிட்டேன். கிடைத்தால் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்று. அதற்கும் என்னை மன்னி.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். பாட்டு முடிந்தபிறகு அவன் உடனே டேப்பை நிறுத்தவில்லை. சமையல்கட்டிலிருந்து அத்தை கூப்பிட்டிருப்பார் போல, இவன் பதில் சொல்வதும் பதிந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அந்த இடத்தில் சிரித்தோம். கல்லறையில் நீ டேப் கடைசி வரைக்கும் ஓடவிட்டாயா, முன்னாலேயே நிறுத்தினாயா, எனக்குத் தெரியாது. பி பக்கத்தைக் கடைசி வரை ஓடவிட்டுப் பார். ஏதாவது மிச்சம் இருந்தால் அத்தையிடம் போடு. நான் செய்ததையும் அவரிடம் சொல்.

லிடியா

*

திண்டுக்கல்
28.4.2024

லிடியாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கையில் எடுத்தாலே கோபம் வந்தது. இப்போதும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். காலிக் கேசட் இரண்டு இருந்தன என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் வரும்போதெல்லாம் மடக்கி வைத்துவிடுவேன்.

பி பக்கத்தை ஓடவிட்டேன். பூசை, சாமியார் பிரசங்கம், அப்புறம் கல்லறை. மண் விழுகிற சத்தம் வரைக்கும் பதிந்திருக்கிறேன், அதோடு நிறுத்தியிருக்கிறேன். அப்புறம் ஒரு டக். அப்புறம் அவன்.

மறுநாளே டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அந்த இடத்துக்குச் சரியாக வைத்துத்தான் கொண்டுபோனேன், ஆனால் பட்டன் மாறி அழுந்திக் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. முதலில் அவர் குரலே வந்தது, இருபது வருடத்துக்கு முந்தின குரல். "ஒரு வாட்டி அம்மான்னு கூப்புடுய்யா, ஒரே ஒரு வாட்டி" என்று கல்லறையில் கதறுகிறது. நிறுத்தப் போனேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார். மண் விழுந்தது. டக்.

"அம்மா! இந்தா வாரேம்மா."

அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே சொல்கிறான். மூன்று செகண்டுகூட இருக்காது.

அத்தை அழவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டுச் சின்னப்பிள்ளையாவா இருந்தான்?" என்றார். "நான் பெரிய ஆம்பளக் கொரலாவுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். இது பிள்ளைக் கொரலுடா." அப்புறம், அன்றைக்கு என்ன வெஞ்சனம் வைத்துக் கூப்பிட்டோம் என்று யோசித்தார். வரவில்லை. "சாப்ட வந்துருப்பான்ல பிராங்கி?" என்றார். வந்திருப்பான் அத்தை என்றேன். ஆறு தடவை போட்டேன். ஏழாவது தடவை, போதும் தேஞ்சுரும் என்று அவரே சொல்லிவிட்டார்.

அவன் பாட்டுக்குமேல் பதிந்தது யார் என்று கேட்டார். நான்தான் அத்தை, பார்க்காமல் எடுத்துட்டேன் என்றேன். என் தலையைத் தடவிக்கொடுத்தார். உன் பெயரைச் சொல்லவில்லை. நீ சொல்லச் சொன்னாய், எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். வெள்ளிக்கிழமை அடக்கம். அவனுக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

கேசட்டை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை கேட்டுவிட்டேன். உன் பெயர் எங்கேயும் இல்லை. அந்த நாலு நிமிஷத்தில் அவன் என்ன பாடினான் என்று இனி உனக்கு மட்டும்தான் தெரியும். நினைவிருக்கிற வரிகளை எழுதி அனுப்பு. எனக்கு அவன் பாட்டு வேண்டும்.

நீ சாப்பிடு. இளைப்பு வந்தால் மருந்தை ஒளிக்காமல் போடு.

உன் அண்ணன்

*

மடம்
26.5.2024

அன்பான அண்ணனுக்கு,

நலம். அத்தைக்காக இங்கே ஒரு பூசை வைத்தார்கள். மதர் உன் கடிதத்தை என்னிடம் தரும்போது கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு மாதமாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறக்க வேண்டும் என்று இருபது வருடமாகச் செபித்திருக்கிறேன் அண்ணா. ஆண்டவர் கேட்டுவிட்டார். தாளம் நினைவிருக்கிறது. சுத்தியல், நடுவில் ஒரு இடைவெளி, திரும்பச் சுத்தியல். வரி ஒன்றுகூட வரவில்லை. என் பெயரை அவன் எப்படிச் சொன்னான் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்றாவது தடவை கொஞ்சம் இழுத்துச் சொல்வான். அதை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். நவம்பரில் இரண்டு கல்லறைக்கும் மெழுகுவர்த்தி ஏற்று. இந்தத் தடவை என் பெயரைச் சொல்லியே ஏற்று.

லிடியா